ஏழு முறை அடித்த மணி

அத்தியாயம் ஆறு

"அஞ்சு மணி வரைக்கும்தாம்மா உங்களுக்கு நேரம். அதுக்கப்புறம் நான் இவனைக் கூட்டிட்டுப் போயிட்டே இருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். அப்போது மணி இரண்டு பத்து.

'இவன்' ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது, நான்கு நாள் தாடி. பெண்டாட்டி செத்தும் நான்கு நாள்தான். நாங்கள் நின்றுகொண்டிருந்த அவனுடைய அலுவலகத்தில் அவனுக்கு நிதானம் என்று பட்டப்பெயர். எதையும் இரண்டு முறை யோசித்துவிட்டுத்தான் செய்வானாம். பெண்டாட்டியையும் அப்படி நிதானமாகத்தான் கொன்றிருக்கிறான் என்பது ஆய்வாளரின் கட்சி. உண்மையைச் சொன்னால் என் கட்சியும் அதுதான்.

அண்ணி மட்டும் இன்னும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. இருபது வருடம் காவல் துறையில் குப்பை கொட்டிவிட்டு, மேலதிகாரி ஒருவரை முகத்துக்கு நேராக முட்டாள் என்று சொன்ன கையோடு வெளியே வந்து துப்பறியும் அலுவலகம் திறந்தவர். நான் அவருடைய உதவியாளன். வண்டி ஓட்டுவது, கதவு தட்டுவது, வாயை மூடிக்கொண்டிருப்பது என்று எனக்கு மூன்று வேலை. மூன்றாவதில் நான் இன்றுவரை தேறவில்லை.

எங்களை அமர்த்தியவர் செத்துப்போனவளின் அண்ணன். பேருந்து ஓட்டுநர். வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். "என் தங்கச்சியக் கொன்னது அவன்தாங்க. அதை நிரூபிச்சுக் குடுத்தா போதும். பாப்பா என் வீட்லதான் இருக்கு, நாலு வயசு. இனிமே அவன் மூஞ்சிய அது பாக்கக் கூடாது" என்று காலையில் எங்களிடம் சொல்லியிருந்தார். ஆறு வருடம் மாப்பிள்ளை என்று கூப்பிட்ட வாய் அது.

கொலை ஆயுதம் கத்தியில்லை, விஷமில்லை. போய்ச் சேராத ஒரு குறுஞ்செய்தி.

இதய நோயாளிகள் சாப்பிடும் ஒரு மாத்திரையில் ஒரு பகுதிச் சரக்கு கெட்டுப்போய்விட்டது. விற்ற மருத்துவமனை பதறிப்போய், வாங்கிய நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு பேருக்கும் 'மாத்திரையை உடனே நிறுத்துங்கள்' என்று செய்தி அனுப்பச் சொல்லி இந்தக் கம்பெனியிடம் பட்டியலைக் கொடுத்தது. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதுதான் இவர்கள் தொழில். நிதானம் எழுதிய புரோகிராம்தான் அனுப்பும். மருத்துவமனைச் செய்தி என்பதால் ஒட்டிய உறை மாதிரி வரும், உள்ளே என்ன இருக்கிறதென்று இங்கே யாருக்கும் தெரியாது. பதினைந்து நாளுக்கு முன் காலை எட்டு மணிக்கு வேலை ஆரம்பித்து மாலை ஆறுக்கு முடிந்தது. திரையில் பச்சை எழுத்தில் 'முடிந்தது' என்றும் வந்தது. ஆனால் நிதானத்தின் மனைவிக்குச் செய்தி போகவில்லை. பதினோரு நாள் அந்த மாத்திரையை விழுங்கிவிட்டு அவள் போய்ச் சேர்ந்தாள்.

"மூணு பன்னண்டுக்கு, வேலை ஓடிட்டிருக்கும்போதே இவன் மெஷினை நிறுத்தித் திரும்பக் கிளப்பியிருக்கான்" என்றார் ஆய்வாளர். "நின்ன இடம் இவன் பொண்டாட்டி நம்பர். திரும்ப ஆரம்பிச்ச இடம் அதுக்கு அடுத்த நம்பர். அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் சண்டை போட்டு அந்தப் பொண்ணு அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கு. நாப்பத்தோராயிரம் பேர்ல சரியா அவ தலையிலதானா வந்து நிக்கும்? காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையெல்லாம் என்கிட்ட வேணாம்மா."

அவர் போனதும் நான் அண்ணியின் காதருகே குனிந்தேன். "அஞ்சு மணி வரைக்கும் எதுக்கு அண்ணி? பட்டியலைப் பாத்தாலே தெரியுதே."

"நீ பட்டியல் பாத்து வேலை செய்யற லட்சணம் உங்க சித்தப்பாவுக்குத்தான் நல்லாத் தெரியும். சும்மா இரு தம்பி."

என் சித்தப்பா பதினோரு வருடமாக என்னோடு பேசுவதில்லை. அதை இப்போது இழுக்க வேண்டிய அவசியம் என்ன என்று எனக்குக் கோபம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணி ஒரு நாற்காலியை இழுத்து நிதானத்துக்கு எதிரில் போட்டுக்கொண்டார்.

"சண்டை எதுக்கு?"

"பாப்பாவை எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கிறதுன்னு." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஞாயித்துக்கிழமை வந்துருவேன்னு சொல்லியிருந்தா."

"அன்னைக்கு எதுக்கு மெஷினை நிறுத்துனே?"

"நிறுத்தலீங்க. புரோகிராம்ல ஏதாவது திருத்தி ஏத்துனா மெஷின் தானா ஒருதடவை நின்னு எந்திரிக்கும். தினமும் நடக்கிறதுதான். முன்னாடியெல்லாம் பத்து மணி நேர வேலை பாதியில நின்னா, எந்திரிச்சதும் முதல் ஆள்லேர்ந்து ஆரம்பிச்சுரும். வந்தவங்களுக்கே திரும்பத் திரும்ப வரும். அதனால நின்னா நின்ன இடத்துலேர்ந்து தொடர்ற மாதிரி எழுதுனேன். ரூபியில."

"ரூபின்னா கல்லு இல்ல?" என்றேன்.

"புரோகிராம் எழுதுற மொழிங்க."

"கல்லோ மொழியோ, விழுந்தது ஒருத்தி தலையில."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றி எரியும். மறுபடி அவன் பக்கம் திரும்பினார். "நின்ன இடம் மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"குறி வச்சுக்கும். புத்தகம் படிக்கும்போது பக்கத்துல துண்டுத்தாள் சொருகுற மாதிரி. எந்திரிச்சதும் குறிக்கு அடுத்த ஆள்லேர்ந்து போகும்."

"இந்த நம்பர்ல நிக்கட்டும்னு குறி பாத்து நிறுத்த முடியுமா?"

"கையால முடியாதுங்க, ஒரு செகண்டுக்கு ஒரு நம்பருக்கு மேல ஓடும். ஆனா புரோகிராம் எழுதுனவன் சொன்னா யாரு நம்புவா?" அவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான். "நம்ப வேணாம். எனக்கு அது ஏன் அவகிட்ட நின்னுச்சுன்னு மட்டும் தெரியணும்."

கொலைகாரர்கள் அழுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டு அழுகிற கொலைகாரனை அன்றுதான் பார்த்தேன். என் கட்சி லேசாக ஆட்டம் கண்டது.

அந்த நேரம் பார்த்து 'டங்' என்று ஒரு மணி அடித்தது. அறை முழுக்க ஏழெட்டுப் பேர் தலையைத் தூக்காமலே கை தட்டினார்கள். நிதானம் மட்டும் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"என்னங்க இது, பூசையா நடக்குது?" என்று பக்கத்து மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். புகார் தொலைபேசியைக் கவனிக்கிறவர். அவர் அருகில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது, மேசையில் தலையில் மாட்டிப் பேசும் காதுக்கருவி ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"இங்க வழக்கங்க. யாராவது புதுசா எழுதி மெஷின்ல ஏத்திட்டா, போய் அந்தப் பித்தளை மணியை அடிக்கணும். பலகையில அன்னைக்குத் தேதியில ஒரு கோடு போடணும். மத்தவங்க கை தட்டுவாங்க. உற்சாகத்துக்காக மேலாளர் கொண்டு வந்தது."

அண்ணி எழுந்து பலகையிடம் போனார். அந்த மாதம் முழுவதும் கட்டம் கட்டமாக இருந்தது. பதினைந்து நாளுக்கு முந்தைய கட்டத்தில் விரலை வைத்து எண்ணினார். ஏழு கோடு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நேரம் குறித்திருந்தது, ஐந்தாவதில் மூன்று பன்னிரண்டு.

"மேலாளர் எங்கே?"

மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து வந்தார். இழவு வீட்டில் சிரிக்கிறவர் மாதிரி ஒரு முகம். போலீஸ் வந்து போகிற இடத்தில் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க அனுப்புற ஒவ்வொரு செய்திக்கும் போன் கம்பெனி 'வாங்கிக்கிட்டேன்'னு பதில் குடுக்கும் இல்லையா?" என்று கேட்டார் அண்ணி. "அன்னைக்கு எத்தனை பதில்?"

அவர் கையிலிருந்த கருவியில் தேடினார். "நாப்பத்தோராயிரத்து நூத்தித் தொண்ணூத்தொம்பது. ஏழுதான் குறையுது மேடம். இவ்வளவு பெரிய வேலையில ஏழு ஒரு விஷயமா? நாங்க அதையெல்லாம் பாக்கிறதே இல்ல."

"போலீஸ் பாத்தாங்களா?"

"அவங்க ஒரு நம்பரைத்தான் கேட்டாங்க."

அண்ணி மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

"தம்பி, உன் கல்யாணத்துக்கு உங்க சித்தப்பா வீட்டுக்கு ஏன் பத்திரிகை போகலை?"

"ஐயோ அண்ணி, இந்த இடத்துல அந்தக் கதை எதுக்கு?"

"சொல்லு."

சொன்னேன். இருநூறு வீட்டுப் பட்டியல். ஒரு பெயரைப் படிப்பேன், பக்கத்தில் ஒரு கோடு இழுப்பேன், அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவேன். சித்தப்பா பெயருக்குக் கோடு இழுத்துவிட்டு வண்டியை உதைத்தபோது, மண்டபத்தில் ஏதோ தகராறு, உடனே வா என்று போன் வந்தது. ஓடினேன். மறுநாள் பட்டியலை எடுத்தேன், கோடு போட்ட பெயருக்கு அடுத்த பெயரிலிருந்து ஆரம்பித்தேன். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள்தான் தெரிந்தது. சொந்தச் சித்தப்பனை மறந்த பாவி என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது.

"உங்க சித்தப்பா மேல உனக்கு ஏதாவது கோபமா?"

"எனக்கென்ன கோபம்? போன் வந்த நேரத்துல அவர் பேர் அங்க இருந்துச்சு. அவ்வளவுதான்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. நிதானத்துக்கு அதற்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். அவன் எழுந்து, நாற்காலி சரிந்து விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் தன் கம்ப்யூட்டருக்கு ஓடினான். நாங்கள் பின்னால் போய் நின்றோம். திரை முழுக்க வரிகள். அவன் விரல் மூன்று வரிகளில் நின்றது.

"நான் முதல்ல எழுதுனது இப்படித்தாங்க. நிக்கச் சொல்லியிருக்காங்களான்னு பாரு. இல்லைன்னா அனுப்பு. அனுப்புனப்புறம் குறி வை. அப்ப அனுப்பிட்டுக் குறி வைக்கிறதுக்குள்ள மெஷின் அணைஞ்சா, அந்த ஆளுக்கே திரும்பவும் போகும்." விரலை மேலே நகர்த்தினான். "இப்ப குறி வைக்கிற வரி மேல இருக்கு. குறி வை, பாரு, அனுப்பு."

"அப்ப நிக்கச் சொன்னா?"

"குறி வச்சாச்சு. அனுப்பாம நின்னுரும். எந்திரிச்சதும் குறிக்கு அடுத்த ஆளுக்குப் போயிரும். ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் ஒரு ஆளு..."

"நீ அவகிட்ட நிறுத்தலைப்பா" என்றார் அண்ணி. "நீங்கள்லாம் அன்னைக்கு ஏழு தடவை மணி அடிச்சிருக்கீங்க. அஞ்சாவது மணி அடிச்சப்ப அவ அங்க இருந்தா."

ஓட்டுநர் வாசலை விட்டு உள்ளே வந்திருந்தார். ஆய்வாளரின் பனம்பழக் கதை முடிந்தது, வழக்கு தீர்ந்தது என்று நான் பெருமூச்சு விடப் போனேன். அண்ணி என் சட்டைக் கையைப் பிடித்து உலுக்கினார்.

"மரம் மாதிரி நிக்காதே. மிச்ச ஆறு பேர் இன்னும் அந்த மாத்திரையைத்தான் முழுங்கிட்டிருக்காங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அதுதான். இரண்டு மணி நேரமாக நாங்கள் செத்தவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மணி நான்கு ஐந்து.

மெஷின் நின்ற ஒவ்வொரு முறையும் எந்த எண்ணில் குறி இருந்தது என்பது பதிவாகியிருந்தது. நிதானம் ஏழு எண்களையும் படிக்கப் படிக்க நான் எழுதினேன். ஐந்தாவது எண்ணை அவன் திரையைப் பார்க்காமலே சொன்னான். மிச்ச ஆறையும் அண்ணி மூன்று சீட்டாகக் கிழித்தார். அவருக்கு இரண்டு, எனக்கு இரண்டு.

மூன்றாவது சீட்டுக்கு நீண்ட கை ஓட்டுநருடையது.

"குடுங்க. நானும் பேசறேன்."

என் முதல் எண்ணில் ஒரு பெண் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "அதானா ரெண்டு வாரமா தலை சுத்துது? வயசாயிருச்சுன்னு நினைச்சேன்" என்றார். மாத்திரை அட்டையை அவர் குப்பையில் போடும் சத்தம் கேட்கிற வரைக்கும் நான் போனை வைக்கவில்லை. இரண்டாவது ஒரு தையல்காரர். "யாருய்யா நீ, என்னை மாத்திரை சாப்பிடாதேங்கிறதுக்கு?" என்று எகிறினார். நான் பதிலுக்கு எகிறினேன். கடைசியில் அவர் மகனைக் கூப்பிட்டு அட்டையைப் பார்க்கச் சொன்னார். அதே சரக்கு. அண்ணியின் இரண்டு பேரும் கிடைத்துவிட்டார்கள். ஒருவர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போயிருந்தாராம். ஓட்டுநரின் முதல் ஆளும் நலம்.

ஆறாவது எண் நெடுநேரம் அடித்தது. ஓட்டுநர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். எடுத்தார்கள். அவர் விஷயத்தைச் சொன்னார். அப்புறம் கேட்டுக்கொண்டே நின்றார்.

"எப்பம்மா?" என்றார். "போன வியாழக்கிழமையா... இல்லம்மா, நான் மருத்துவமனை இல்ல. நான்... என் வீட்லயும் ஒண்ணு போயிருச்சும்மா. அதே மாத்திரைதான். அப்பாவோட அட்டை இருந்தா தூக்கிப் போட்றாதீங்க, பத்திரமா வைங்க."

போனை வைத்துவிட்டு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அண்ணி மேலாளரிடம் போனார். "பழைய மாதிரி வரியை மாத்திட்டு, பட்டியல்ல இருக்கிற எல்லாருக்கும் இன்னொரு தடவை அனுப்புங்க. முடியிற வரைக்கும் ஒருத்தரும் மணியைத் தொடக் கூடாது."

"எல்லாருக்குமா? ஏழு பேர்தானே மேடம்? ரெண்டு தடவை போச்சுன்னா ஜனங்க போன் பண்ணிக் கிழிச்சுருவாங்க. ஒரு காலத்துல எங்களுக்கு அதுதான் பெரிய தலைவலி. எட்டு மாசமா ஒரு புகார்கூட இல்ல."

"ஏழுன்னு நமக்குத் தெரிஞ்சது. தெரியாம எட்டாவது ஒண்ணு இருந்தா? ரெண்டு தடவை வந்தா திட்டுவாங்க. வராமலே போனா திட்டறதுக்கு ஆளே இருக்க மாட்டாங்கய்யா."

மேலாளரின் சிரிப்பு முகம் ஒருவழியாக அணைந்தது. நிதானம் வரியைக் கீழே இறக்கினான். இரண்டு முறை அல்ல, நான்கு முறை படித்துப் பார்த்தான். வேலை ஓட ஆரம்பித்தது.

"எட்டு மாசமா யாருமே கேக்கலையா?" என்று நான் புகார்ப் பெண்ணிடம் கேட்டேன்.

"அனுப்புறதெல்லாம் பிறந்தநாள் வாழ்த்தும் கடை விளம்பரமும்தாங்க. வராத ஒண்ணைப் பத்தி யாரு போன் பண்ணிக் கேப்பாங்க?"

ஓட்டுநர் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "நல்லா இருந்த வரியை எதுக்குடா மாத்துனே?" என்று நிதானத்தைக் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி அவன் தோளுக்கு மேல் கையை நீட்டி, திரையில் அந்த வரியின் பழைய திருத்தங்களைத் திறந்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே ஏன் செய்தோம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டுமாம். எட்டு மாதத்துக்கு முந்தைய குறிப்பை அண்ணி வாய்விட்டுப் படிக்கவில்லை. ஓட்டுநருக்கு வழி விட்டு விலகினார். நானும் எட்டிப் பார்த்தேன்.

'யாருக்கும் இரண்டு முறை போகாது. இனி அவள் திட்டு வாங்க வேண்டாம்.'

"எவ?" என்றார் ஓட்டுநர். கேட்கும்போதே அவர் பார்வை அந்தக் காலி நாற்காலிக்குப் போய்விட்டது.

புகார்ப் பெண்தான் பதில் சொன்னார். "உங்க தங்கச்சி இந்த சீட்லதாங்க இருந்தா. பொழுதுக்கும் வசவு. செய்தி ரெண்டு தடவை வந்துச்சுன்னு வாய்க்கு வந்தபடி பேசுவாங்க. கழிப்பறைக்குப் போய் அழுதுட்டு வருவா. அப்புறம் திடீர்னு புகாரே நின்னு போச்சு. வேலையை விட்டுப் போற அன்னைக்குக்கூட, 'எங்க வீட்டுக்காரர் என் காதைக் காப்பாத்திட்டார்'னு சொல்லிச் சிரிச்சா."

"வீட்ல சாப்பாட்டுக்கு உக்காந்தப்ப கேட்டா" என்றான் நிதானம். "ஏதாவது பண்ணேன்னு. மறுநாள் காலையில வந்து ஒரு வரியைத் தூக்கி மேல வச்சேன். ஒரே ஒரு வரி மச்சான்."

ஐந்து அடித்தபோது ஆய்வாளர் இரண்டு காவலர்களோடு வந்தார். அண்ணி அவரை ஓரமாக அழைத்துப்போய்ப் பத்து நிமிடம் பேசினார். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எந்தப் பிரிவுலம்மா போடறது?" என்று கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. காவலர்கள் வெளியே போய் நின்றுகொண்டார்கள்.

அப்போதுதான் புகார்த் தொலைபேசி அடித்தது. அந்தப் பெண் எடுத்தார். அடுத்தது அடித்தது. அதற்குள் இன்னொன்று. ஆயிரக்கணக்கானவர்களுக்கு இரண்டாம் முறை செய்தி போய்க்கொண்டிருந்தது. ஒரு ஆளால் சமாளிக்க முடியவில்லை.

நிதானம் எழுந்துபோய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தான். சுருட்டி வைத்திருந்த காதுக்கருவியைப் பிரித்துத் தலையில் மாட்டினான். அவள் தலைக்கு வைத்த அளவு, அவனுக்குச் சின்னதாக இருந்தது. அவன் அதைச் சரிசெய்யவில்லை. எதிர்முனையில் ஒருவர் கத்துவது மூன்றடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. ஒரே விஷயத்தை எத்தனை தடவைடா அனுப்புவீங்க, அறிவிருக்கா, மூளை இருக்கா.

"ஆமாங்க, ரெண்டு தடவை வந்திருக்கும்" என்றான் நிதானம். "தப்பு என்னோடதுதான். நீங்க திட்டுங்க, பரவாயில்ல. மாத்திரையை நிறுத்திட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

ஓட்டுநர் அவன் பக்கத்தில் போய் நின்றார். என்ன செய்யப் போகிறாரோ என்று நான் ஒரு அடி முன்னே வைத்தேன். அண்ணி என்னைத் தடுத்தார். ஓட்டுநர் மேசை மேலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.

"முடிச்சிட்டு வீட்டுக்கு வாங்க மாப்பிள்ளை. பாப்பா தேடுது."

நிதானம் நிமிர்ந்து பார்த்தான். வாயைத் திறந்தான். அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது.